குட்டை நாய்க்கு ஏன் இவ்வளவு மவுசு? நாய்களின் அஞ்சல் ஓட்டத்தில் உயரம் அளக்கும் கணக்கு

தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் கடைசியாக நடக்கும் அஞ்சல் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு மாணவர்கள், கையில் ஒரு கோல், பாடாங்கைச் சுற்றிப் பெற்றோரின் கூச்சல். அந்த மாணவர்களின் இடத்தில் நான்கு நாய்கள், கோலின் இடத்தில் ஒரு டென்னிஸ் பந்து, ஓடும் வழியில் நான்கு தடைகள். இப்படி மாற்றிப் பார்த்தால் அதுதான் ஃபிளைபால். நாய்களின் அஞ்சல் ஓட்டம் என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம்.

கைத்தொலைபேசியில் வலம் வரும் காணொளிகளால் இந்த ஆட்டம் நம் பிள்ளைகளுக்கு இப்போது அறிமுகமாகிவிட்டது. ஆயர் ஈத்தாம் பாசார் பக்கம் காலையில் தேநீர் குடிக்க வரும் பெரியவர் ஒருவரிடம் இப்படி ஒரு காணொளியைக் காட்டியபோது, ஓட்டத்தை ரசித்துப் பார்த்தார். அடுத்து நடுவர் ஒருவர் நாயின் காலில் அளவுகோலை வைத்து அளக்கும் காட்சி வந்தது. “நாயை எதுக்குப்பா அளக்கணும்? சட்டை தைக்கவா போறாங்க?” என்று கேட்டார். சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்குள்தான் இந்த ஆட்டத்தின் சூட்சுமமே இருக்கிறது.

முதலில் ஓட்டப் பாதை. தொடக்கக் கோட்டிலிருந்து 6 அடியில் முதல் தடை. அதன்பின் 10 அடி இடைவெளியில் மூன்று தடைகள். கடைசித் தடையைத் தாண்டி 15 அடியில் ஒரு பெட்டி. கூட்டினால் மொத்தம் 51 அடி. பெட்டியின் சரிந்த முகப்பில் நாய் பாய்ந்து மிதித்ததும் உள்ளே இருக்கும் விசை பந்தை வெளியே தள்ளும். நாய் பந்தைக் கவ்விக்கொண்டு, வந்த வழியே நான்கு தடைகளையும் தாண்டித் திரும்ப வேண்டும். அது கோட்டைக் கடக்கும் வேளையில் அடுத்த நாய் எதிரே புறப்பட்டுப் போகும். பந்தை நழுவவிட்டாலோ, ஒரு தடையைத் தாண்டாமல் சுற்றி வந்தாலோ, முன்னதாகவே புறப்பட்டாலோ அந்த நாய் கடைசியில் மறுபடியும் ஓட வேண்டும். பக்கத்துப் பாதையில் எதிரணியும் அதே நேரத்தில் ஓடும்.

தேர்ந்த அணிகள் நான்கு நாய்களையும் 15 வினாடிக்குள் ஓடி முடிக்க வைக்கின்றன. அதாவது ஒரு நாய்க்குக் கிடைப்பது 4 வினாடிக்கும் குறைவு. அதற்குள் போக வர 102 அடி ஓட்டம், எட்டுத் தாண்டல், நடுவில் ஒரு பந்து. இந்த வேகத்தில் அணிகளைப் பிரிப்பது வினாடியின் சிறு பின்னம்தான். அதனால் நேரத்தைக் கணக்கிட மின்னணு உணர்கருவிகள் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆட்டம் பிறந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 1960களின் கடைசியிலும் 1970களிலும். பந்து தள்ளும் பெட்டியை முதலில் செய்தவராக ஹெர்பர்ட் வாக்னர் என்பவரைச் சொல்வார்கள். ஜானி கார்சனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் அதைக் காட்டிய பிறகு ஆட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. 1980களின் நடுவில் அமெரிக்காவின் மிச்சிகனையும் கனடாவின் ஒன்டாரியோவையும் சேர்ந்த அணிகள் கூடி வட அமெரிக்க ஃபிளைபால் சங்கத்தை அமைத்தன. பிரிட்டனில் 1994இல் தனிச் சங்கம் வந்தது. லண்டனில் தொடங்கி இன்று பர்மிங்காமில் நடக்கும் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அதிகம் கூச்சல் எழும் இடங்களில் ஃபிளைபால் அரங்கும் ஒன்று.

குட்டையன் நிர்ணயிக்கும் தடை

இனி அளவுக்கு வருவோம். தடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? எல்லோருக்கும் ஒரே உயரம் என்று வைத்தால் நெட்டைக்கால் நாய்களுக்கு மட்டும் கொண்டாட்டம். நாய்க்கு நாய் உயரத்தை மாற்றலாம் என்றால், 4 வினாடிக்கு ஒருமுறை தடையை மாற்றி வைக்க யாராலும் முடியாது. எனவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டத்தில் இறங்கும் நான்கு நாய்களில் எது குள்ளமோ, அதற்கு ஏற்ற உயரத்தில்தான் நான்குக்கும் தடை வைக்கப்படும்.

வட அமெரிக்கச் சங்கத்தில் நெடுங்காலம் வழங்கிய கணக்கு இது. குள்ள நாயின் தோள்மேட்டு உயரத்தை அளந்து, அதிலிருந்து 5 அங்குலத்தைக் கழிக்க வேண்டும். வருவதுதான் தடையின் உயரம். ஆனால் 7 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 14 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. அதற்கும் முன்பு 4 அங்குலம் மட்டுமே கழித்தார்கள். கீழ் எல்லை 8, மேல் எல்லை 16 என்று இருந்தது. நாயின் மூட்டுகளுக்கு நல்லது என்று உயரம் படிப்படியாகக் குறைந்து வந்திருக்கிறது. எண்கள் சங்கத்துக்குச் சங்கம் மாறும். அடிப்படை ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அணியில் மூன்று பார்டர் கோலி நாய்கள், தோள் உயரம் 19, 20, 21 அங்குலம். நான்காவது 16 அங்குல நாய். 16இல் 5 போனால் 11. தடை 11 அங்குலம். இப்போது அந்த நான்காவது நாய்க்குப் பதிலாக 12 அங்குல ஜாக் ரஸ்ஸல் ஒன்றைச் சேர்க்கிறார்கள். தடை 7 அங்குலத்துக்கு இறங்கிவிடுகிறது. மற்ற மூன்று நாய்களும் எந்தப் புதுப் பயிற்சியும் எடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தாண்டலிலும் 4 அங்குலம் மிச்சம். அணிக்கு மொத்தம் 32 தாண்டல். அவை இப்போது தடையைத் தாண்டுவதே தெரியாது. ஓடுகிற ஓட்டத்திலேயே கால் கடந்து போய்விடும்.

அதனால்தான் குட்டை நாய்க்கு இந்த ஆட்டத்தில் தனி மவுசு. ‘உயர நாய்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். குள்ளமாக இருப்பதால் உயர நாய்! கொஞ்சம் வேடிக்கையான பெயர்தான். அது மற்றவற்றைவிட அரை வினாடி மெதுவாக ஓடினாலும் அணி தாங்கிக்கொள்ளும். ஆனால் அன்றைக்கு அதற்குக் கால் பிசகி உட்கார வைத்துவிட்டால், வெளியே காத்திருக்கும் நாய் எத்தனை வேகமாக இருந்தாலும் தடையை உயர்த்தித்தான் ஆக வேண்டும். பெரிய நாய்கள் அதுவரை பழகிய தாளம் கெட்டுப் போகும்.

14 என்ற மேல் எல்லை ஏன்? நம் ஊர் வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். ராஜபாளையம் நாய் 25 அங்குலத்துக்கு மேல் உயரம் போகும். நான்கு ராஜபாளையங்களை ஓட விட்டு, 5 அங்குலம் மட்டும் கழித்தால் தடை 20 அங்குலத்தைத் தொடும். கனத்த உடம்போடு முழு வேகத்தில் அந்த உயரத்தை நாள் முழுக்கப் பல சுற்றுகள் தாண்டினால் தோள் மூட்டு என்ன ஆகும்? எனவே எவ்வளவு பெரிய நாயானாலும் 14தான். கீழ் எல்லையான 7க்கும் காரணம் உண்டு. அதுவும் இல்லையென்றால், ஆறங்குல நாய் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து தடையைத் தரையோடு தரையாக்கி விடுவார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. சிவகங்கை, மதுரை, தூத்துக்குடி பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் ஓட விடுவார்கள். எது எந்தப் பிரிவு என்பதில் கோடு போடும் இடத்திலேயே வாக்குவாதம் வரும். விலங்கு எதுவானாலும், அளவு என்று வந்துவிட்டால் மனிதன் சண்டைக்கு வந்துவிடுவான்.

அளப்பதில் என்ன சண்டை?

தோள்மேடு என்பது நாயின் கழுத்து முதுகில் சேரும் இடத்தில், இரண்டு தோள் எலும்புகளின் உச்சி. மாட்டுக்குத் திமில் இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையை நிமிர்த்தும் தாழ்த்தும் என்பதால் தலை உயரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நாயைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னங்கால்கள் நேராக நிற்கும்போது தரையிலிருந்து தோள்மேடு வரை அளக்க வேண்டும். இதற்கென்று கவிழ்த்த ‘ப’ வடிவச் சட்டம் ஒன்று உண்டு. சட்டத்தின் இரு கால்களும் தரையைத் தொட்டு, குறுக்குக் கம்பி நாயின் தோளைத் தொடாமல் நின்றால் நாய் அந்த அளவுக்குள் அடங்குகிறது என்று அர்த்தம். கம்பி தோளில் உட்கார்ந்து சட்டத்தின் கால் தரையிலிருந்து எழும்பினால், நாய் அந்த அளவைத் தாண்டிவிட்டது.

கேட்பதற்கு எளிது. ஆனால் அளக்கப்படுவது மேசை அல்ல, நாய். புது ஆள் ஒருவர் கம்பியோடு நெருங்கினால் அது உடம்பைக் குறுக்கும், முதுகை வளைக்கும், காலை அகட்டும். பயந்த நாய் ஓர் அங்குலம் குட்டையாகிவிடும். பந்தைப் பார்த்துவிட்ட நாய் விறைத்து நின்று ஓர் அங்குலம் நெட்டையாகிவிடும். அடர்ந்த ரோமம் இருந்தால் அதை எவ்வளவு அழுத்துவது என்பதும் நடுவரின் கையைப் பொறுத்தது. காலை அளந்த நாயை மாலையில் அளந்தால் வேறு எண் வரலாம்.

தடையின் பலகைகள் அங்குலக் கணக்கில் செருகப்படுவதால், நாயின் உயரத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட முழு அங்குலத்தைத் தீர்மானித்துவிடும். இந்த இடத்தில்தான் ஆசை நுழைகிறது. அளக்கும்போது பதுங்கி நிற்க நாயைப் பழக்கலாம் அல்லவா? ஓடுவதற்குப் பயிற்சி கொடுப்பதுபோல் குறுகி நிற்பதற்கும் பயிற்சி! இதைப் பெரிய மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், ஓர் உயிரைப் பார்த்துப் ‘நீ இன்னும் கொஞ்சம் சிறுத்துப் போ’ என்று சொல்லும் மனநிலை எங்கே போய் முடியும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜாக் ரஸ்ஸலையும் பார்டர் கோலியையும் கலந்து, குட்டைக் காலும் பெரும் வேகமும் கொண்ட குட்டிகளை இந்த ஆட்டத்துக்காகவே எடுக்கிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். விதியில் இருக்கும் ஓர் அங்குலம், எந்தக் குட்டி பிறக்க வேண்டும் என்பதையே முடிவு செய்கிறது.

தோள் அளவுக்கு இன்னொரு குறையும் உண்டு. பாசெட் ஹவுண்ட் என்ற நாயைப் பார்த்திருப்பீர்கள்: நீண்ட காது, பீப்பாய் உடம்பு, கட்டைக் கால். அதன் தோள் உயரம் 14 அங்குலம் என்றால் பழைய கணக்கில் தடை 9 அங்குலம். ஆனால் அந்த 14இல் பாதிக்கு மேல் ஆழமான நெஞ்சுதான், கால் கொஞ்சம்தான். அதே 14 அங்குலத்தில் ஒல்லியான நெட்டைக்கால் நாய் 9 அங்குலத்தைச் சிரித்துக்கொண்டே தாண்டும். பாசெட்டுக்கோ அது மதில் சுவர். தாண்டுவது கால். அப்படியிருக்க நெஞ்சை ஏன் அளக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் எலும்பு அளவு. முன்னங்காலில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஓடும் எலும்புக்கு அல்னா என்று பெயர். நமக்கும் உண்டு, முழங்கையை மேசையில் ஊன்றினால் இடிக்கிறதே, அது அல்னாவின் முனைதான். நாயின் முன்னங்காலை மடக்கிப் பிடித்து, முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டின் பின்புறம் துருத்தி நிற்கும் சிறு எலும்பு வரை கவைபோன்ற அளவுகருவியால் அளக்கிறார்கள். கிடைக்கும் எண்ணை ஓர் அட்டவணையில் பார்த்தால் தடையின் உயரம் தெரிந்துவிடும்.

நாய் பதுங்கினாலும் விறைத்தாலும் எலும்பின் நீளம் மாறாது. ரோமம் குறுக்கிடாது. தரை மேடு பள்ளமாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. கட்டைக்கால் நாய்க்கு அதன் காலுக்கேற்ற தடை கிடைக்கும். அமெரிக்காவின் யூ-ஃபிளை அமைப்பு இந்த முறையில் அளக்கிறது. மற்ற சங்கங்களிலும் இது நுழைந்துவிட்டது. முதலில் சொன்ன காணொளியில் அந்த நடுவர் நாயின் காலைப் பிடித்து அளந்தது இதற்காகத்தான்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அறியாத ஒருவர் தன் காலைப் பிடித்து மடக்குவதை எல்லா நாயும் விரும்பாது. அதனால் வீட்டில் முன்கூட்டியே பழக்குகிறார்கள். அளப்பவரின் விரல் எலும்பு முனையைச் சரியாகத் தேடிப் பிடிக்கவும் வேண்டும். ஆனாலும் பதுங்கப் பழக்குவதைவிட, காலைத் தொட விடுவதற்குப் பழக்குவது எவ்வளவோ மேல். நகம் வெட்டவும், கால்நடை மருத்துவரிடம் காட்டவும் அது உதவும்.

இதோடு ஒப்பிட்டால், ‘அஜிலிட்டி’ எனப்படும் தடை தாண்டும் போட்டியில் சிக்கல் குறைவு. மலேசிய நாய் வளர்ப்போர் சங்கம் உறுப்பினராக உள்ள எஃப்சிஐ என்ற உலக அமைப்பு, தோள் உயரத்தை வைத்து நாய்களைப் பிரிக்கிறது. 35 செண்டிமீட்டருக்குக் குறைந்தால் சிறியது. 43 வரை நடுத்தரம். அதற்கு மேல் முன்பெல்லாம் பெரியது என ஒரே பிரிவு. அதனால் 44 செண்டிமீட்டர் நாயும் 60 செண்டிமீட்டர் நாயும் ஒரே உயரத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த அநியாயத்தைச் சரிசெய்ய அண்மையில் 48 செண்டிமீட்டர் வரை இடைப்பட்ட பிரிவு ஒன்றைச் சேர்த்தார்கள். அங்கே ஒவ்வொரு நாயும் தனக்காக ஓடுகிறது. அதன் அளவு அதற்கு மட்டும். ஃபிளைபாலில் ஒன்றின் அளவு நான்கின் தலையெழுத்து.

நம் வீட்டு நாயை அளப்போமா?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நாய் என்றால் விடியற்காலையில் மரம் வெட்டப் போகும் அம்மாவுக்கு முன்னால் ஓடும் துணை; லயத்து வாசலில் படுத்திருக்கும் காவல்; பன்றி வேட்டைக்குப் போகும் கூட்டாளி. அவற்றுக்கு இனப்பெயர் கிடையாது. ஃபிளைபாலுக்கும் இனப்பெயர் தேவையில்லை என்பது நல்ல செய்தி. கலப்பு நாய்க்கும் அதே தடை, அதே புள்ளி. 18 அங்குலக் கம்போங் நாய் ஒன்று 13 அங்குலத் தடையைத் தாண்டினால் எந்தச் சீமை நாய்க்கும் அது குறைந்ததல்ல. இந்த மண்ணின் ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்து வந்த தெலோமியான் நாய்கூட ஏறக்குறைய இதே உயரம்தான்.

2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டபோது தெருநாய்களைக் கொல்லும் நடவடிக்கை எவ்வளவு சர்ச்சையைக் கிளப்பியது என்பதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊர் நாய் என்றாலே தொல்லை என்ற பேச்சு அன்றிலிருந்து இன்னும் வலுத்தது. தடுப்பூசி போட்டு, நகராண்மையில் உரிமம் எடுத்து, சொன்ன பேச்சைக் கேட்கும் ஒரு கம்போங் நாய் நான்கு தடை தாண்டிப் பந்தோடு திரும்புவதை அக்கம்பக்கத்தார் ஒருமுறை பார்த்தால் அந்தப் பேச்சு கொஞ்சம் மாறலாம் என்பது என் எண்ணம். பொதுத் திடலில் முன்னறிவிப்பின்றி நாய்களை அவிழ்த்துவிடுவது மட்டும் வேண்டாம். நாயைத் தொட விரும்பாத அண்டை வீட்டாரும், நாயைக் கண்டால் அஞ்சும் குழந்தைகளும் நம்மோடுதான் வாழ்கிறார்கள்.

பிள்ளைகள் ஆசைப்பட்டால் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். நாயைச் சிமெண்ட் தரையில் சுவரோரமாக நிறுத்துங்கள். ஒருவர் முன்னால் நின்று அதன் கவனத்தைப் பிடித்து வைக்கட்டும். தின்பண்டத்தை மூக்கு உயரத்தில் பிடித்தால் தலை மேலேயும் போகாது, கீழேயும் போகாது. முன்னங்கால்கள் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்றைத் தோள்மேட்டின் மீது படுக்கையாக வைத்து, அதன் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் குறிப்போமே, அதே கைப்பழக்கம்தான். மூன்று முறை அளந்து, இரண்டு முறை ஒத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 5 அங்குலத்தைக் கழித்தால் உங்கள் நாயின் எண் கிடைக்கும்.

அந்த எண் உச்ச வரம்பு. முதல் நாளே அதில் தொடங்கக் கூடாது. கம்பைத் தரையில் கிடத்தி, அதைத் தாண்டி நடக்க வைப்பதில்தான் தொடங்க வேண்டும். தடைக்கு நீர்க்குழாய் போதும்; ஆனால் கட்டி வைக்காதீர்கள், நாயின் கால் பட்டால் உருண்டு விழ வேண்டும். அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் வேண்டவே வேண்டாம். வழுக்கும் சிமெண்டில் தாண்டி இறங்கும் ஒவ்வொரு முறையும் முன்னங்கால் மூட்டு அந்த அதிர்ச்சியை வாங்குகிறது. புல் தரைதான் சரி. மலையடிவாரமானாலும் ஆயர் ஈத்தாமின் நண்பகல் வெயில் நமக்கே தாங்காது. நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்துத் தணிய முடியாத நாய்க்கு எப்படித் தாங்கும்? காலை 8 மணிக்கு முன்பு, அல்லது பொழுது சாய்ந்த பிறகு, பத்து நிமிடம் போதும்.

குட்டிகளை ஆசைக்காகத் தாண்ட விடாதீர்கள். ஓராண்டு ஆகாத நாயை வட அமெரிக்கச் சங்கம் போட்டியில் சேர்ப்பதில்லை. பிரிட்டனில் இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். எலும்பின் முனைகளில் வளரும் பகுதி இறுகும் முன் விழும் அடி, காலையே கோணலாக்கிவிடக்கூடும். பெரிய உடம்பு நாய்களுக்கு இது ஒன்றரை வயது வரைகூட ஆகும். குட்டியை இப்போது அளந்தால் சுவரில் கோட்டின் பக்கத்திலேயே தேதியையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நிறுத்தி மறுபடி அளங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாகும்வரை பந்தை மட்டும் உருட்டி விளையாடட்டும்.